நீல விளக்கின் உயரம்

வெளிச்சம் எதற்கு என்று யாரைக் கேட்டாலும் பார்ப்பதற்கு என்பார்கள். ஒரு வெல்டரைக் கேட்டால், பார்க்காமல் இருப்பதற்கு என்பான்.

இந்த வெல்டரைப் பட்டறையில் எல்லோரும் 'பொறி' என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வந்த கதை பெருமைக்குரியது அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், முகக்கவசத்தை எடுத்து வரச் சோம்பல்பட்டு, ஒரு ஜன்னல் கம்பியை வெறுங்கண்ணோடு பற்றவைத்தான். சின்ன வேலைதானே என்ற நினைப்பு. சாயங்காலத்துக்குள் இரண்டு கண்ணும் வீங்கி, இமைக்குள் மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தது போல ஆகிவிட்டது. சுவரைத் தடவித் தடவி வீடு போய்ச் சேர்ந்தான். அந்த வாரமே கழுத்திலும் முன்கையிலும் தோல் சிவந்து, காய்ந்து, வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது.

"பொறியை முழுங்கிட்டு வந்திருக்கான் பாரு" என்று கிரைண்டர்காரன் ஊரைக் கூட்டினான். "டேய், அதை முறைச்சுப் பார்த்தா அது உன்னை முறைக்கும். கவசம் போடு. போட முடியலைன்னா தள்ளிப் போ. தள்ளிப் போயிட்டா அதுக்குப் பல்லு கிடையாது."

அதன் பிறகு அவன் வாழ்க்கையில் அந்த ஒரு விதி மட்டும் மாறவே இல்லை. கவசம், இல்லையென்றால் தூரம். தெருவோரம் நின்று கிரில் பற்றவைக்கும்போது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டுவதற்கே பாதித் தொண்டை போய்விடும். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் வாசல் கதவு அவன் கையால் செய்தது. அவன் குடியிருந்ததோ டயர் கடைக்கு மேலே, தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு வாடகை அறையில். "ஊருக்கெல்லாம் கேட் போடுறீங்க, நம்ம கதவுக்கு ஒரு கொக்கி போட நேரமில்லை" என்று மனைவி சொல்லிக்காட்டுவாள். "நம்மகிட்ட திருடன் வந்தா அவன்தான் ஏதாவது வெச்சுட்டுப் போகணும்" என்பான்.

அந்த வீட்டில் திருடு போனது ஒன்றே ஒன்றுதான். முதல் குழந்தை.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல அழுகை. பிறந்த வாரம் முடிவதற்குள் பால் குடிக்க மறுத்தது, கை கால் சில்லிட்டது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் கூடத்தில் ஒரே ஒரு குழாய் இருந்தது. அதிலும் தண்ணீர் வரும்போதுதான் வரும். சோப்புக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. ஒரு குழந்தையைத் தொட்ட கை அப்படியே அடுத்த குழந்தையைத் தொட்டதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் பார்த்தான். "கை கழுவலையே?" என்று கேட்டான். "ஒண்ணும் ஆகாது, வெளியில நில்லுங்க" என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு அங்கிருந்த டாக்டர் ஒருவர் தோளைத் தட்டி, "எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைப்பா. விதி. என்ன செய்யறது?" என்றார்.

விதிக்குக் கை கிடையாது. கழுவாத கைதான் இருந்தது. ஆனால் ஒரு சோப்புக்கட்டி வாங்கி வைக்காதவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. சாகும்போது வாரக்கணக்கில்கூட வயதாகாத ஒரு பிள்ளையின் உடம்பின் மேலேயே பழியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பழியை அவனும் நம்பினான். எதிர்ப்பு சக்தி என்ற இரண்டு வார்த்தையும் அவன் நெஞ்சில் இரும்புத்தூள் மாதிரி போய் ஒட்டிக்கொண்டன.

இரண்டாவது பிள்ளைக்கு வேறு ஆஸ்பத்திரி, பெரியது. இங்கே சோப்பு இருந்தது. வாசலிலேயே கை கழுவச் சொல்லி நிறுத்தினார்கள். அவன் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்து, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை கழுவினான். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பையன். மனைவி மாடியில் பிரசவ வார்டில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாள். மறுநாளே பிள்ளையின் முகம் மஞ்சளித்தது. பிறகு மார்பு. பிறகு வயிறு.

"அம்மா ரத்த வகையும் பிள்ளை ரத்த வகையும் ஒத்துப்போகலை" என்றார் டாக்டரம்மா, நடந்துகொண்டே. "ரத்த அணு சீக்கிரம் உடையுது. மஞ்சள் ஏறும். விளக்குல வைக்கணும்." அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கூடம் நிறையக் குழந்தைகள், ஒரே டாக்டர், ஒரே சிஸ்டர். கட்டடத்தின் முகப்பில் மட்டும் பளபளவென்று கல் பதித்திருந்தார்கள். அதைப் பதிக்க ஆள் கிடைத்தது, பிள்ளைகளைப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை.

தாய் இறங்கி வர முடியாததால், பீய்ச்சிய பாலை எடுத்துப்போய்க் கரண்டியால் புகட்ட அப்பனை உள்ளே விட்டார்கள். உள்ளே போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சக்கரம் வைத்த இரும்புத் தண்டு. அதன் கழுத்தில் ஒரு நீல விளக்கு. அதற்குக் கீழே துணியில்லாமல், கண்ணைக் கட்டி, அவன் பிள்ளை. அந்த நீலம் அவனுக்குத் தெரிந்த நீலம். கண்ணைக் கட்டித்தான் வைக்க வேண்டிய வெளிச்சம் என்றால் அது என்ன வெளிச்சம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். பிள்ளையின் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தோல் மெல்லிசாக உரிந்திருந்தது.

தன் முன்கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான்.

பிறந்த குழந்தைகளுக்கு அப்படித் தோல் உரிவது சாதாரணம், விளக்கில் வைத்தாலும் உரியும், வைக்காவிட்டாலும் உரியும். இது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே உரிதல், பட்டறையில் உரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் அண்ணன். சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'வானொலி'. யாரோ பேசி அனுப்பும் குரல் பதிவுகளைக் காலையிலிருந்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பான். அனுப்பியது போதாதென்று நேரில் வந்தும் போட்டுக் காட்டுவான்.

"மாப்ளே, இதைக் கேளு" என்று வராந்தாவில் ஃபோனைக் காதருகே வைத்தான். முன்பின் தெரியாத ஒருவன் அடித்தொண்டையில் பேசினான்: நீல விளக்கில் வைத்த குழந்தைகளின் வெள்ளை அணுக்கள் செத்துப் போகின்றன, எதிர்ப்பு சக்தி அழிகிறது, பெரிய பெரிய டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள், இதை மறைக்கிறார்கள்.

"யாரு மச்சான் இது?"

"யாரா இருந்தா என்ன? விஷயம் தெரிஞ்ச ஆளு. உனக்கே ஒரு தடவை பட்டிருக்கு. நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. ஊரில் ஆயிரம் பொய் சுற்றும், ஆயிரத்துக்கும் காது கிடைப்பதில்லை. புண் இருக்கிற இடம் பார்த்து உட்கார்கிற பொய்தான் பிழைக்கும். அதிலும் இது முழுப் பொய் அல்ல, கால்வாசி உண்மை கலந்தது. அதனால்தான் இன்னும் மோசம்.

அவன் சிஸ்டரிடம் போய்க் கேட்டான். நியாயமாகத்தான் கேட்டான். "சிஸ்டர், இந்த வெளிச்சம் எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமா?"

சிஸ்டரின் ஒரு கையில் ஊசி, மறு கையில் யாரோ ஒரு குழந்தையின் கால். "யாரு தம்பி உங்களுக்கு இதெல்லாம் சொல்றது? ஒண்ணும் ஆகாது. தள்ளுங்க, தள்ளுங்க."

ஒண்ணும் ஆகாது. அந்த வார்த்தையைக் கேட்டு முடித்ததுமே அவன் முடிவு செய்துவிட்டான்.

உடம்பு முழுக்கக் கவசம் போட முடியாது. அப்படியானால் தூரம்தான். விளக்குத் தண்டின் கழுத்தில் ஒரு திருகு இருந்தது. திருகைத் தளர்த்துவதும், தண்டை உயர்த்துவதும், சத்தமில்லாமல் இறுக்குவதும் அவன் கைக்கு மூச்சு விடுவது மாதிரி. பால் புகட்டப் போகும்போது விளக்கைக் கொஞ்சம் தூக்குவான். பிள்ளையைத் திரும்பப் படுக்க வைத்த பிறகு, இருந்த இடத்துக்கு இறக்க மாட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. யாருக்கும் கண்ணில் படவில்லை. ஏனென்றால் பிள்ளை அப்போதும் நீலமாகத்தான் தெரிந்தான். விளக்கு எரிகிறதா என்றுதான் பார்த்தார்கள், எவ்வளவு உயரத்தில் எரிகிறது என்று பார்க்க யாருக்கு நேரம்?

போதாததற்கு, கிறீச்சிட்டுக்கொண்டிருந்த விளக்குத் தண்டுகளின் சக்கரங்களையெல்லாம் அவன் சரி செய்து கொடுத்திருந்தான். "இந்த மாதிரி ஒரு அப்பன் வேணும்" என்று சிஸ்டர் மற்ற அப்பன்மாரிடம் சொன்னார். அவன் அந்தத் தண்டில் கை வைத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மாடியில் மனைவி ஒவ்வொரு முறையும் கேட்டாள். "மஞ்சள் குறைஞ்சுதாங்க?"

"குறையுது. நீ தூங்கு."

குறையவில்லை. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் மஞ்சள் ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாக இருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தான். கரண்டியை உதட்டில் வைத்தால் பால் கன்னத்தில் வழிந்தது. உள்ளங்காலைச் சுண்டினாலும் அழவில்லை. அழுதபோது அந்த அழுகை மெல்லிசாக, கம்பியை அறுக்கிற மாதிரி இருந்தது. அவன் அதை நல்ல அறிகுறி என்று நினைக்கப் பார்த்தான். எரிச்சல் குறைந்ததால்தான் நன்றாகத் தூங்குகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனசு அதை ஏற்கவில்லை. அவனுடைய முதல் பிள்ளையும் இப்படித்தான் பால் குடிக்காமல் தூங்கினாள்.

மறுநாள் மதியம் டாக்டரம்மா அந்தக் கட்டில் முன்னால் நின்றார். இந்தத் தடவை நகரவில்லை.

"விளக்குல வெச்சும் ஏறிட்டே போகுது. ரத்தம் நான் நினைச்சதைவிட வேகமா உடையுது போல. ரத்தத்தை மாத்தித்தான் ஆகணும்."

"மாத்தறதுன்னா?"

"தொப்புள் ரத்தக்குழாய் வழியா பிள்ளை ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு, வேற ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடணும். ரத்தத்துக்குச் சொல்லிட்டேன். மஞ்சள் மூளைக்குள்ள இறங்கிட்டா கேட்கிற சக்தி போகலாம், கை கால் இழுத்துக்கலாம், உயிரே போகலாம். இதுக்கு மேல காத்திருக்க முடியாது."

"இதுல ஆபத்து இருக்கா டாக்டர்?"

"இருக்கு. மறைக்க மாட்டேன். முக்கியமா, கிருமித் தொற்று வரலாம்."

அவன் காதில் அதற்குமேல் எதுவும் விழவில்லை. எதற்குப் பயந்து ஓடினானோ அதன் வாசலிலேயே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். தன் கையால். ஒரு திருகால். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரத்தம் வேகமாக உடைந்தது என்றே எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் விளக்கு இப்போதும் அந்த உயரத்தில்தான் நின்றது. பிள்ளை இப்போதும் அதற்குக் கீழேதான் கிடந்தான்.

"டாக்டர்" என்றான். "விளக்கை நான்தான் தூக்கி வெச்சேன்."

"என்னது?"

"உயரத்துல வெச்சேன். கொஞ்சம் கொஞ்சமா. உடம்பு வேகக் கூடாதுன்னு."

டாக்டரம்மா விளக்குக்கும் பிள்ளைக்கும் நடுவே கையை நீட்டி, சாண் போட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே முகம் மாறியது. "இருக்க வேண்டிய உயரத்துக்கு இரண்டு மடங்கு. இது விளக்கு இல்லைய்யா, அலங்காரம்! பிள்ளைக்கு நீங்க வைத்தியமே நடக்க விடலை, தெரியுதா?"

"சக்கரமெல்லாம் சரி பண்ணிக் கொடுத்தாரே டாக்டர்" என்று சிஸ்டர் தலையில் கை வைத்தார். "நல்ல மனுஷன்னு நம்பி விட்டேனே!"

டாக்டரம்மா திருகைத் தளர்த்தப் போனார். அவன் இறுக்கியது, அவர் கைக்கு அசையவில்லை. அவனே தளர்த்த வேண்டியிருந்தது. விளக்கைச் சரியான உயரத்துக்கு இறக்கினான்.

"ஏன் கேட்கலை? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் டாக்டர். எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமான்னு கேட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னாங்க. முதல் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க. புதைச்சுட்டு வந்தேன்."

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா, இந்தக் கூடத்தில் யாரும் யாரிடமும் நின்று பேசாத ஒரு பேச்சை, நின்று பேசினார்.

"நீங்க கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. விளக்குல வெச்ச குழந்தைங்க ரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்காங்க. நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள்ல சில வகை கூடியிருக்கு, சில வகை குறைஞ்சிருக்கு. ஒரு ஆய்வு சொல்றது மாதிரி இன்னொண்ணு சொல்லலை. அதனால குழந்தைக்கு நோய் வருமான்னு கேட்டா, வரும்னு நிரூபிச்சவங்க இல்லை. இன்னும் பார்த்துட்டுத்தான் இருக்காங்க. இது சந்தேகம். மஞ்சள் மூளைக்குப் போனா என்ன ஆகும்கிறது சந்தேகம் இல்லை. அது தெரியும்."

"தோல் உரிஞ்சிருக்கே டாக்டர்?"

"அதோ, விளக்கே இல்லாம படுத்திருக்கு பாருங்க, அந்தப் பிள்ளைக்கும் உரிஞ்சிருக்கு. உங்க பட்டறை வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கு, அதுதான் சுடும். இதுல அது இல்லை. இந்த நீலம் தோலுக்குள்ள இருக்கிற மஞ்சளை உடைச்சு, மூத்திரத்துலயும் மலத்துலயும் போற மாதிரி மாத்திவிடுது. அதுக்கு வெளிச்சம் கிட்ட இருந்து, நல்லாப் படணும். கண்ணைக் கட்டறது கண்ணு கூசாம இருக்க, பாதுகாப்புக்கு. அவ்வளவுதான்."

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கிற நேரம். பிள்ளையை விளக்கில் வைத்த அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். படிக்காதவனுக்குச் சொன்னால் புரியாது, பயந்துவிடுவான் என்று வைத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் விட்ட வெற்றிடத்தில் வானொலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனாலும் திருகில் கை வைத்தவன் அவன்தான். அதை அவன் யார் மேலும் தள்ளிவிடவில்லை.

ரத்தம் வந்து சேர வேண்டும். அதுவரை விளக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றார் டாக்டரம்மா. மூலையில் இருந்த விளக்கு பழுதாகிக் கிடந்தது. ரொம்ப நாளாகவே அப்படித்தான் கிடந்ததாம். பக்கத்துக் கட்டில் தாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் மகளுக்கு மஞ்சள் இறங்கிவிட்டது, சாயங்காலம் விளக்கை நிறுத்துவதாக இருந்தார்கள். "எங்களுக்கு இப்பவே நிறுத்தினா பரவாயில்லையா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டரம்மா தலையசைத்ததும், தண்டைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். "பிடிங்கண்ணா. தூக்கிடாதீங்க" என்றாள். குத்தலா, ஆறுதலா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

பிறகு மாடிக்குப் போனான். மனைவி அவன் முகத்தைப் பார்த்ததுமே கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள்.

அவன் எதையும் மென்று முழுங்காமல் சொன்னான். விளக்கு, திருகு, பொய், ரத்தம் மாற்றப்போவது, எல்லாம்.

அவள் கத்தவில்லை. "குறையுதுன்னு சொன்னீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் அதை நம்பித் தூங்கினேன்" என்றாள். அதற்குமேல் அவன் நிற்பதற்குத் தரை இல்லாமல் போய்விட்டது.

அந்த நேரம் ஃபோன் அடித்தது. மச்சான்தான். அவளே வாங்கிப் பேசினாள். "அண்ணே, அந்தக் குரல்ல பேசினவன் யாருன்னு உனக்குத் தெரியுமா? தெரியாதா? வந்து என் பிள்ளைக்குப் பதில் சொல்வானா? மாட்டானா? அப்போ நீ வந்து சொல்லு. இன்னொரு தடவை எதையாவது அனுப்பினே, உன் ஃபோனை வாங்கி இவர்கிட்ட கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லுவேன்." வைத்துவிட்டுத்தான் அழுதாள். தையல் வலித்தது. அழுவதற்குக்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"என்னைக் கீழே கூட்டிட்டுப் போங்க."

சக்கர நாற்காலி வரக் காத்திருக்கவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். அவன் தோளில் பதிந்த அந்த விரல்களில் பிடி இருந்தது, பிரியம் இல்லை.

கீழே ரத்தம் வந்துவிட்டிருந்தது. இரண்டு விளக்கும் சேர்ந்து மஞ்சள் ஏறுவதை நிறுத்தியிருந்தன, ஆனால் இறக்கவில்லை. டாக்டரம்மா காத்திருக்கத் துணியவில்லை. கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள், நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு. அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கை கழுவிய கைதான். முழங்கை வரை கழுவியது.

கதவு திறந்தபோது டாக்டரம்மாவின் முதுகு வளைந்திருந்தது. "முடிஞ்சுது. அளவு நல்லாக் குறைஞ்சிருக்கு. திரும்ப ஏறலாம், அதனால விளக்கு தொடரும். தொற்று வராம இருக்கணும், பார்த்துட்டே இருப்போம். காது கேட்குதான்னு ஒரு பரிசோதனை இருக்கு, கொஞ்ச நாள்ல பண்ணுவோம்."

"மூளைக்கு..." என்றான். முடிக்கவில்லை.

"இப்போ சொல்ல முடியாது."

உள்ளே போனார்கள். மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் விளக்குத் தண்டுக்கு அருகே வந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். "கையைப் பின்னாடி கட்டிட்டு நில்லு." கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை. அவன் கட்டிக்கொண்டு நின்றான்.

பிள்ளை அசைந்தான். உதடு கோணியது. அழுதான். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டார்கள். அது கம்பியை அறுக்கிற பழைய அழுகையா, பசிக்கிற பிள்ளையின் அழுகையா?

"குரல் கனமா இருக்குல்ல?" என்றான் அவன்.

"எனக்கு அப்படித் தெரியலை" என்றாள் அவள்.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க. இது பசிதானே?"

சிஸ்டர் பிள்ளையின் பக்கம் குனிந்து முழுசாகக் கேட்டார். "எனக்குத் தெரியலை தம்பி. பசியாவும் இருக்கலாம். நாளைக்கு மறுபடி பார்த்தாத்தான் தெரியும். வாயில ஒரு சொட்டு பாலை வெச்சுப் பார்ப்போமா? டாக்டர் சரின்னுட்டார்."

மனைவி கரண்டியை வாங்கினாள். முதல் சொட்டு கன்னத்தில் வழிந்தது. அவள் அதை விரலால் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வைத்தாள். நாக்கு மெல்ல அசைந்தது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

மூன்றாவது சொட்டுக்கு மூன்று பேரும் காத்திருந்தார்கள்.